கொலம்பியாவின் கரீபியன் கரையில் இருவர், குறைந்த செலவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்தஹேனா, சாந்தா மார்த்தா, தைரோனா என்று பெயர்களைக் கேட்டுவிட்டு, "நாங்க ரெண்டு பேர் போனா எவ்வளவு ஆகும்?" என்று தொடங்கும் உரையாடல்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. விலைகள் எல்லாம் கொலம்பிய பெசோவில், ஒரு அமெரிக்க டாலருக்குச் சுமார் 4,000 பெசோ என்ற கணக்கில். மாற்று விகிதம் ஏறி இறங்கும். கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கரீபியன்னாலே ரிசார்ட்டும் க்ரூஸும்தானே? நம்ம பட்ஜெட்டுக்கு அதெல்லாம் ஒத்துவருமா?

தீவுகள் என்றால் கஷ்டம்தான். சாப்பாட்டுச் சாமான் முதல் குடிதண்ணீர் வரை கப்பலில் வந்து இறங்குகிற இடத்தில் எதுவும் மலிவாக இருக்காது. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போக விமானச் சீட்டு வேறு. கொலம்பியாவின் கரை பெருநிலத்தில் இருக்கிறது. அரிசி, வாழை, மரவள்ளி, மீன் எல்லாம் அங்கேயே விளைகிறது, அங்கேயே பிடிபடுகிறது. கார்த்தஹேனாவில் ஏறினால் பர்ராங்கீயா, சாந்தா மார்த்தா வழியாக ரியோஆச்சா வரை பஸ்ஸிலேயே போய்விடலாம்.

ஒரு விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பஸ் போகிற இடமெல்லாம் மலிவு, படகு போகிற இடமெல்லாம் விலை. கீழே உள்ள பாதிப் பதில்கள் இதிலிருந்து வருபவைதான்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயமா?

கட்டாயம். ஆனால் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ கையில் இருந்து, கொலம்பியாவுக்குள் நுழையும் நாளில் அதற்கு இன்னும் குறைந்தது 180 நாள் ஆயுள் இருந்தால், தனி விசா இல்லாமல் 90 நாள் வரை தங்க அனுமதிக்கிறார்கள். பலர் தவறவிடுவது இந்த 180 நாள் கணக்கைத்தான். இரண்டு பேரில் ஒருவருடைய விசாவுக்கு மட்டும் ஐந்து மாதம் மிச்சம் இருந்தால், அவருக்குக் கொலம்பிய விசா எடுத்தாக வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பதால் சீட்டு போடும் முன் கொலம்பிய வெளியுறவு அமைச்சகத்தின் தளத்தில் ஒருமுறை பாருங்கள். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. இலங்கை பாஸ்போர்ட்டுக்குத் தேவை.

இன்னொன்று, 'செக்-மிக்' என்ற இணையப் படிவம். பயணத்துக்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். கொலம்பியக் குடிவரவுத் துறையின் தளத்தில் இது இலவசம். தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்குக் கட்டணம் கேட்கும், அவற்றை மூடிவிடுங்கள். வழியில் அமெரிக்காவில் விமானம் மாறுவதாக இருந்தால், விமான நிலையத்தைவிட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி நிஜமாவே போடணுமா? அங்க யாரும் கேக்கறதில்லன்னு சொல்றாங்களே?

அங்கே கேட்காவிட்டாலும் திரும்பி வரும்போது இங்கே கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கொலம்பியா இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரும் சான்றிதழ் கேட்கின்றன.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு கிடைக்க நாளாகலாம் என்பதால் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. மஞ்சள் நிறச் சிறு புத்தகத்தை பாஸ்போர்ட்டோடு வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.

எந்த மாசம் போகலாம்? புயல் பயம் இருக்கா?

டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். வானம் தெளிவாக இருக்கும், ஆனால் வடகிழக்குக் காற்று பலமாக வீசும். வெயிலுக்கு அது இதம். படகில் போகிறவர்களுக்கு நரகம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஜூன் பிற்பாதியிலும் ஜூலையிலும் மழை சற்று ஓயும். புயல்கள் பெரும்பாலும் இந்தக் கரைக்கு வடக்கே கடந்து போய்விடும். 2020 நவம்பரில் 'அயோட்டா' சிதைத்தது பிராவிடென்சியா தீவை. அது இந்தக் கரையிலிருந்து வெகு தூரம்.

செலவைப் பொறுத்தவரை மழையைவிட விடுமுறைதான் பெரிய எதிரி. டிசம்பர் மத்தியிலிருந்து ஜனவரி மத்தி வரையும், ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் அறை வாடகை இரட்டிப்பாகும். பர்ராங்கீயா கார்னிவல் நாட்களில் அந்த ஊரில் அறை கிடைப்பதே பெரிய விஷயம். அத்துடன் கொலம்பியாவில் பல அரசு விடுமுறைகளைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். அந்த நீண்ட வார இறுதிகளில் உள்நாட்டு மக்கள் மொத்தமும் கடற்கரையில் இருப்பார்கள். ஜனவரி 20-க்குப் பிறகு, அல்லது பிப்ரவரி பின்பாதி, செலவுக்கும் வானிலைக்கும் ஒத்துப்போகிற காலம்.

ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேணும்?

மின்விசிறி அறை 80,000 முதல் 1,20,000. காலையில் அரேபாவும் (மக்காச்சோள மாவில் செய்யும் அடை) காபியும் 15,000–20,000. மதியம் இரண்டு 'கொரியென்தாசோ' (சூப், சோறு, ஒரு கறி, வாழைக்காய், ஜூஸ் சேர்ந்த அன்றாடச் சாப்பாடு) 35,000–40,000. இரவுச் சாப்பாடு 40,000–50,000. தண்ணீர், பழம் 10,000–15,000. பஸ், மோட்டார் சைக்கிள் டாக்சி எல்லாம் சராசரியாக 30,000. கூட்டினால் 2,10,000 முதல் 2,75,000 வரை, அதாவது ஏறக்குறைய 52 முதல் 69 டாலர், இருவருக்கும் சேர்த்து.

இதில் தைரோனா பூங்காவின் நுழைவுக் கட்டணம், தீவுப் படகு, லா குவாஹிரா பாலைவன ஜீப் எல்லாம் சேரவில்லை. அவற்றுக்குத் தனி உறை போட்டு வையுங்கள். பட்ஜெட் உடைவது அன்றாடச் சாப்பாட்டில் இல்லை, இந்த மூன்றில்தான். பில்லில் பத்து சதவீத டிப்ஸ் சேர்க்கலாமா என்று உணவகத்தில் கேட்பார்கள். அது விருப்பம்தான், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள்.

ஹாஸ்டல்ல ரெண்டு பெட் எடுக்கறது மலிவா, தனி ரூமா?

தனியாகப் போகிறவருக்கு ஹாஸ்டல் பொதுஅறை லாபம். இருவருக்குப் பெரும்பாலும் இல்லை. இரண்டு படுக்கைக்குக் கொடுக்கும் பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால், குடும்பத்தினர் நடத்தும் சிறு விடுதியில் தனி அறையே கிடைக்கும். கேட்கும்போது விலை ஆளுக்கா, அறைக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். பலோமினோ, காபோ தெ லா வேலா போன்ற சிறு கடற்கரை ஊர்களில் ஆளுக்குத்தான் சொல்வார்கள்.

ஏசி அறைக்கும் மின்விசிறி அறைக்கும் வாடகையில் நல்ல வித்தியாசம் உண்டு. காற்றடிக்கும் ஜனவரி–மார்ச்சில் மின்விசிறி போதும். அக்டோபர் புழுக்கத்தில் கார்த்தஹேனாவில் ஏசிக்குக் கொடுப்பது வீண் செலவில்லை. கார்த்தஹேனாவில் கோட்டைச் சுவருக்குள்ளும் ஹேத்செமனியிலும் வாடகை கூடுதல். நடந்தே போகும் தூரத்தில் உள்ள மங்கா பகுதியில் தேடுங்கள். இரவில் மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கொலம்பியாவில் குடியிருக்காத வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்குத் தங்குமிடத்தின் மேல் 19 சதவீத வரி கிடையாது. பாஸ்போர்ட்டையும் நுழைவு முத்திரையையும் காட்டினால் போதும். விலையைப் பேசும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். பில் போட்ட பிறகு கேட்டால் இழுபறி. 'மோட்டெல்' என்ற பலகையைப் பார்த்து மலிவு விடுதி என்று நினைத்துவிட வேண்டாம். அவை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் இடங்கள்.

மொத்தம் ரெண்டு வாரம் இருக்கு. எங்கெங்க எத்தனை நாள்?

கார்த்தஹேனாவுக்கு இரண்டு இரவு போதும் என்பது எங்கள் கருத்து. 1533-இல் உருவான ஊர், 1984-இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கோட்டைச் சுவர் மேல் மாலை நடை, சான் ஃபெலிப்பே கோட்டை, ஹேத்செமனி தெருக்கள் எல்லாம் இரண்டு நாளில் நிதானமாக முடியும். அதற்கு மேல் தங்கினால் ஊரைவிட விலைப்பட்டியலைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

பிறகு தெற்கே ரிங்கோன் தெல் மார் என்ற மீனவக் கிராமத்தில் மூன்று இரவு. கார்த்தஹேனாவிலிருந்து சான் ஒனோஃப்ரே வரை பஸ், அங்கிருந்து மோட்டார் சைக்கிள் டாக்சி. அடுத்து சாந்தா மார்த்தாவுக்கு வந்து அதையே மையமாக வைத்து மிங்காவில் இரண்டு இரவு, தைரோனாவில் ஒன்று, பலோமினோவில் இரண்டு. மிங்கா சியர்ரா நெவாடா மலையில் ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கரையின் வெக்கை தாங்காதவர்களுக்கு அங்கேதான் மூச்சு வரும். காபித் தோட்டம், அருவி இரண்டும் நடை தூரம். மிச்ச நாட்கள் லா குவாஹிராவுக்கு, அல்லது ஓய்வுக்கு. எல்லா இடத்தையும் ஒரே பயணத்தில் திணித்தால் பாதி நாள் பஸ்ஸில் போகும்.

பஸ் எப்படி? முன்கூட்டியே புக் பண்ணணுமா?

விடுமுறை நாட்கள் தவிர வேண்டாம். பஸ் நிறுவனங்களின் தளங்கள் வெளிநாட்டு அட்டையை அடிக்கடி ஏற்பதில்லை. கவுன்டரில் போய் வாங்குவதே சுலபம். கூட்டமில்லாத நாளில் கவுன்டரில் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் குறைப்பதும் உண்டு. கார்த்தஹேனா–பர்ராங்கீயா இரண்டு, இரண்டரை மணி நேரம். கார்த்தஹேனா–சாந்தா மார்த்தா நான்கு முதல் ஐந்து. சாந்தா மார்த்தா–ரியோஆச்சா சுமார் மூன்று.

கார்த்தஹேனாவின் பஸ் நிலையம் பழைய நகரத்திலிருந்து வெகு தூரத்தில், ஊரின் கடைசியில் இருக்கிறது. நெரிசலில் அங்கே போய்ச்சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன் சேவைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டு விலை கூடுதலாகத் தெரிந்தாலும், இரண்டு முனையிலும் டாக்சிக் காசு மிச்சமாவதால் இருவருக்கும் கணக்கு சரியாக வரும். பெரிய பஸ்ஸில் ஏசியை உறைய உறைய வைப்பார்கள்; கைப்பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

சாந்தா மார்த்தாவிலிருந்து தைரோனா, பலோமினோ, மிங்கா போகும் உள்ளூர் வண்டிகள் பஸ் நிலையத்திலிருந்து கிளம்புவதில்லை, நகரச் சந்தைப் பக்கத்திலிருந்துதான். அங்கே மூட்டைகளையும் பைகளையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்சிக்காரங்க ஏமாத்துவாங்களா?

கார்த்தஹேனா டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் இடத்தைச் சொல்லி, விலையைச் சொல்ல வைத்து, ஒப்புக்கொண்ட பிறகு கதவைத் திறங்கள். விமான நிலையத்தில் இயந்திரம் கட்டணச் சீட்டு அச்சடித்துத் தரும். அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. சில்லறை இல்லை என்று சொல்வது உலகப் பொது வழக்கம், எனவே சரியான தொகையைக் கையில் வைத்திருங்கள்.

கார்டு செல்லுமா, பணமா?

நகரங்களில் விசா, மாஸ்டர்கார்டு ஓடும். பஸ், தெருக்கடை, சிறு விடுதி எல்லாம் பணம்தான். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது. கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்து, இயந்திரத்தில் பணம் எடுக்கும் வரம்பையும் உயர்த்துங்கள். ஏடிஎம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் எப்போதும் நமக்கு நஷ்டம். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பதால், பத்து முறை கொஞ்சம் கொஞ்சமாக எடுக்காமல் பெரிய தொகையாக எடுத்து இருவரும் பிரித்து வையுங்கள்.

மிங்கா, தைரோனா, காபோ தெ லா வேலா இங்கெல்லாம் ஏடிஎம்மை நம்பிப் போகக் கூடாது. சாந்தா மார்த்தாவிலோ ரியோஆச்சாவிலோ எடுத்துக்கொண்டு போங்கள். 50,000, 1,00,000 நோட்டுகளைச் சூப்பர் மார்க்கெட்டில் மாற்றிவிடுங்கள். அரேபா விற்கும் அம்மாவிடம் நீட்டினால் முகம் சுளிப்பார்.

நாங்க சைவம். பட்டினி கிடக்கணுமா?

பட்டினி இல்லை, அலுப்பு இருக்கும். தேங்காய்ச் சோறு, பொரித்துத் தட்டிய வாழைக்காயான 'பத்தகோன்', அவித்த மரவள்ளி, அவகாடோ, சீஸ் அரேபா எங்கும் கிடைக்கும். காராமணியை அரைத்துப் பொரிக்கும் 'புன்யுவேலோ தெ ஃப்ரீஹோல்' நம்ம காராமணி வடையேதான். 'நீஸ்பெரோ' ஜூஸ் என்றால் இந்தக் கரையில் சப்போட்டா. துவரையும் உண்டு, 'குவாந்து' என்று பெயர். ஆனால் அந்தச் சூப்பில் உப்புக்கண்டம் போடுவது வழக்கம்.

சிக்கல் அங்கேதான். பருப்பு, பயறு எதைச் சமைத்தாலும் பன்றிக் கொழுப்போ எலும்போ சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். "கார்னே இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டுக் கோழியை வைத்துவிடுவார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்று இறைச்சி, கோழி, மீன் மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அரேபாவில் முட்டை வைத்ததும் கறி வைத்ததும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கேட்டு வாங்குங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வேண்டியதில்லை. பொரித்த மொஹார்ரா மீனும் தேங்காய்ச் சோறும் போதும்.

சின்ன ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகட்டுமா?

வேண்டாம். அங்கே மின்சாரம் 110 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கரோ கெட்டிலோ அதில் கால் பங்கு சக்திதான் தரும். அரிசி ஊறும், வேகாது. போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. தட்டையான இரண்டு முள் கொண்ட அமெரிக்க வகை அடாப்டர் மட்டும் வேண்டும். சமைக்க ஆசை இருந்தால் சமையலறை உள்ள விடுதி எடுங்கள். புளியோதரைப் பொடி, ஊறுகாய் போதும், அரிசி அங்கேயே நல்லதாகக் கிடைக்கும்.

தைரோனா பூங்காவுக்கு ஒரே நாள்ல போய்ட்டு வரலாமா?

போகலாம், ஆனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும். சாந்தா மார்த்தா சந்தையிலிருந்து எல் சாய்னோ நுழைவாயிலுக்கு ஒரு மணி நேரம். வாயில் திறக்கும் காலை 8 மணிக்கு முன்பே வரிசையில் நில்லுங்கள். தினசரி ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. உள்ளே கன்யவெரால் வரை வேன், அங்கிருந்து நடை. அர்ரெசிஃபேஸ் கடற்கரை சுமார் ஒரு மணி நேரம், காபோ சான் ஹுவான் கடற்கரை இரண்டு மணி நேரம். வெளிநாட்டவருக்கு நுழைவு ஆளுக்கு 60,000 பெசோவுக்கு மேல், சீசனில் இன்னும் கூடும். கட்டாயக் காப்பீடு தனி. மதுவும் பிளாஸ்டிக் பையும் வாயிலிலேயே பிடுங்கப்படும். சாப்பாடு கொண்டுபோகலாம், உள்ளே எல்லாம் விலை என்பதால் கொண்டுபோகவும் வேண்டும். இரவு தங்குவதானால் ஊஞ்சல் படுக்கைதான் மலிவு. விடியற்காலையில் குளிரும், மெல்லிய போர்வை வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. பூங்கா வழக்கமாக ஆண்டுக்கு மூன்று முறை மூடப்படுகிறது: பிப்ரவரி 1–15, ஜூன் 1–15, அக்டோபர் 19–நவம்பர் 2. மேலே பிப்ரவரி பின்பாதி என்று குறிப்பாகச் சொன்னது இதனால்தான். அடுத்தது, அர்ரெசிஃபேஸில் கடலில் இறங்கவே கூடாது. இழுப்பு நீரோட்டத்தில் பலர் இறந்திருக்கிறார்கள், அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி நடந்தால் பாறைத்திட்டு அலையைத் தடுக்கும் லா பிஸீனாவில் குளிக்கலாம். பலோமினோவிலும் கடல் இழுக்கும். அங்கே ஆற்றில் டயரில் மிதப்பதுதான் சுகம்.

பிளாயா பிளாங்கா, ரொசாரியோ தீவு டூர் எடுக்கலாமா? யூடியூப்ல செம்மையா இருக்கே?

கார்த்தஹேனா படகுத்துறையில் சொல்லும் விலையோடு துறைமுக வரியும் பூங்காக் கட்டணமும் தனியாக வரும். மொத்தம் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். பிளாயா பிளாங்கா கடற்கரை இருக்கும் பாரூ தீவுக்கு 2014-இலிருந்து பாலம் இருக்கிறது. பாசகபாயோஸ் வரை பஸ், பிறகு மோட்டார் சைக்கிள் டாக்சி என்று போனால் படகுச் செலவில் பாதிகூட ஆகாது. பகல் படகுகள் கிளம்பிய பிறகு கடற்கரை காலியாகிவிடும், ஓர் இரவு தங்குகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம்.

அங்கே "ருசி பாருங்க, இலவசம்" என்று சிப்பியை நீட்டுவார்கள், தோளைப் பிடித்துவிட ஆரம்பிப்பார்கள். ஏற்றுக்கொண்டால் பில் வரும். ஆரம்பத்திலேயே "நோ, கிராசியாஸ்" என்று சொல்லி நடையைக் கட்டுங்கள். நல்ல தண்ணீரும் பவளமும்தான் வேண்டுமென்றால், ரிங்கோன் தெல் மாரிலிருந்து சான் பெர்னார்தோ தீவுகளுக்குப் படகைப் பகிர்ந்துகொள்வது மேல்.

லா குவாஹிரா பாலைவனத்துக்கு டூர் இல்லாம நாங்களே போக முடியுமா?

காபோ தெ லா வேலா வரை முடியும். ரியோஆச்சாவிலிருந்து உரீபியாவுக்குப் பகிர்வு கார், சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஜீப், சுமார் இரண்டு மணி நேரம். ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், எனவே உரீபியாவில் மதியத்துக்கு முன் இருங்கள். குடிதண்ணீரை அங்கேயே வாங்கி ஏற்றுங்கள். இது வயூ பழங்குடியினரின் நிலம், தண்ணீருக்கு மிகவும் தட்டுப்பாடான இடம். குளிப்பது வாளித் தண்ணீரில், மின்சாரம் ஜெனரேட்டர் ஓடும்வரை. கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள்.

தென்னமெரிக்காவின் வடகோடியான புந்தா கயீனாஸ் வரை போக ஆசை என்றால் ரியோஆச்சாவில் குழு ஜீப் எடுங்கள். குறியீடில்லாத மணல் தடம், மழையில் சேறாகும். அங்கே சிக்கனம் பார்ப்பது சரியில்லை.

ராத்திரி வெளிய சுத்தலாமா? கொலம்பியான்னாலே பயமா இருக்கு.

ஆள் நடமாட்டம் உள்ள தெருவில் தாராளமாக. வெறிச்சோடிய கடற்கரையில் இரவில் வேண்டாம். நடக்கும்போது போனைக் கையில் நீட்டிப் பிடிக்காதீர்கள், தெரியாதவர் தரும் பானத்தைத் தொடாதீர்கள். மயக்கமருந்து கலந்து கொள்ளையடிப்பது அங்கே நடப்பதுதான். பாஸ்போர்ட் அறையில், நகல் பையில். கொசுவையும் மறக்க வேண்டாம், டெங்கு உண்டு.

கார்த்தஹேனாவிலேர்ந்து பஸ்லயே பனாமா போய்டலாமா? மேப்ல பக்கத்துல இருக்கே?

முடியாது. நடுவே தாரியென் காடு, சாலையே கிடையாது. நெக்கோக்லியிலிருந்து காபுர்கானாவுக்குப் படகு, அங்கிருந்து எல்லைக் கிராமங்கள் என்று ஒரு வழி உண்டு. ஆனால் எல்லை தாண்டிய பிறகும் சாலை இல்லை, மறுபடி படகோ சிறு விமானமோதான். முதல் பதிலில் சொன்ன விதி இங்கே முழு வேகத்தில் வேலை செய்யும். சான் பிளாஸ் தீவுகள் வழியாக நான்கைந்து நாள் பாய்மரப் படகு இருக்கிறது. அழகுதான், பட்ஜெட் பயணம் இல்லை. கார்த்தஹேனாவிலிருந்து நேர் விமானம்தான் மலிவான வழி. பனாமாவுக்கு விசா விதிகள் வேறு; கொலம்பியாவுக்குள் விட்ட அதே அமெரிக்க விசா அங்கேயும் செல்லுமா என்பதைச் சீட்டு வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.